ஓட்டை விழாத படலமும் ஒடிக்காத வெண்டைக்காயும்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா சந்தையில் என் மனைவி செண்பகம் அரைக் கிலோ வெண்டைக்காயை, ஒன்றின் நுனியைக்கூட ஒடித்துப் பார்க்காமல் வாங்கினாள்.

ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கு, இதற்கெல்லாமா ஒரு கட்டுரை என்று தோன்றும். தோன்றட்டும். செண்பகத்தோடு ஒரு தடவையாவது காய் வாங்கப் போனவர்களுக்குத்தான் இதன் விபரீதம் புரியும். கத்தரிக்காயைக் காம்போடு தூக்கித் திருப்பிப் பார்ப்பாள். முருங்கைக்காயை முறுக்குவாள். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டுவாள். வெண்டைக்காய் என்றால் கேட்கவே வேண்டாம், டக் டக் என்று நுனிகள் பறக்கும். நாங்கள் வழக்கமாக வாங்கும் கடையில் ராணி அக்கா, "வெண்டைக்காயை ஒடிக்காதீர்கள்" என்று ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். சிங்கப்பூரில் அறிவிப்பு என்றால் நான்கு மொழியில் இருக்கும். இந்த அட்டை தமிழில் மட்டும்தான் இருக்கிறது. குற்றவாளிகள் யாரென்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று செண்பகம் இரண்டு கை அள்ளிப் பையில் போட்டு அப்படியே நீட்டினாள். ராணி அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர், இந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுகிறவர், அறுபதைத் தாண்டியவர், லேசில் அசராதவர். அவரே தராசை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா? பாத்து எடு லா. நடுவுல முத்தல் கெடக்கு."

"இருக்கட்டும்க்கா, பரவால்ல," என்றாள் செண்பகம்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். தேக்கா சந்தைக்குள் ஏது வானம், மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. அக்காவிடம் அங்கே நின்று சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

2

செண்பகத்தின் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். கேலி இல்லை, சம்பளமே அதற்குத்தான் வருகிறது. கிளமெண்டியில் எங்கள் வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் போய்விடலாம், ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். அங்கே இருபரிமாணப் பொருள்கள் என்கிற மகா மெல்லிய படலங்களை வளர்க்கிறாள். எவ்வளவு மெல்லியது என்று கேட்டால், "மூணு அணு தடிமன்" என்பாள். நடுவில் மாலிப்டினம் ஓர் அடுக்கு, அதற்கு மேலும் கீழும் கந்தகம் ஓரோர் அடுக்கு. நீளம் உண்டு, அகலம் உண்டு, கனம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

"நம்ம வீட்டுல என் பேச்சு மாதிரி" என்றேன். அவள் மறுக்கவில்லை.

நீளமான அடுப்பு, அதற்குள் கண்ணாடிக் குழாய். ஒரு பக்கம் கந்தகப் பொடி, இன்னொரு பக்கம் மாலிப்டினப் பொடி. இரண்டும் ஆவியாகிப் போய், பளபளவென்றிருக்கும் சிலிக்கன் வில்லையின் மேல் முக்கோணம் முக்கோணமாகப் படியும். உருப்பெருக்கியில் பார்த்தால் நீலமும் ஊதாவும் கலந்த நிறம். அப்படி ஒரு முக்கோணத்தின் படத்தைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். வருகிற விருந்தாளிகள் அதை எங்கள் மகள் கயலின் கணக்கு வீட்டுப்பாடம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்தப் படலத்தில் ஒரு கந்தக அணு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனால், அது குறை. செண்பகம் அதை 'ஓட்டை' என்பாள். மின்னணுச் சில்லு செய்கிறவர்களுக்குத்தான் அவள் இத்தனை வருடமும் படலம் வளர்த்துக் கொடுத்தாள். அவர்களுக்கு ஓட்டை ஆகாது. ஓடுகிற எலக்ட்ரான் ஓட்டையில் மாட்டிக்கொண்டு நின்றுவிடுமாம். சூடான படலத்திலிருந்து கந்தகம் தானாகக் கழன்று போகப் பார்க்கும் என்பதால், அடுப்பு ஆறி முடியும் வரை அதன்மேல் கந்தக ஆவியை விட்டுக்கொண்டே இருப்பாள். குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவதுபோல, ஒவ்வொரு படலத்துக்கும் கடைசியில் கந்தகப் புகை காட்டித்தான் வெளியே எடுப்பாள். அவள் படலத்தில் ஓட்டை தேடிக் களைத்துப்போனார்கள் என்று பேச்சு.

இது அவளுக்கு ரத்தத்தில் வந்தது. சிவகாசிக்காரி. என் மாமனார் அங்கே ஓர் அச்சகத்தில் நாட்காட்டித் தாள்களைச் சரிபார்த்துக் கழிக்கும் வேலையில் இருந்தார். முருகன் உதட்டுச் சிவப்பு ஒரு மயிரிழை விலகியிருந்தால் தாள் கழிவுக்குப் போய்விடும். கழிவுத் தாள்கள் வீட்டுக்கு வரும், பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட. செண்பகத்தின் பௌதிகப் புத்தகத்தின் மேல் இரண்டு மூக்கு உள்ள லட்சுமி இருந்தாளாம். "அதப் பாத்துப் பாத்துத்தான் நான் இப்படி ஆனேன்" என்பாள். அந்த லட்சுமிதான் அவளைப் படிக்க வைத்தாள் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வாள்.

3

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் சாத்தூர். அங்கே காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தேன். செண்பகத்துக்கு இங்கே வேலை கிடைத்தபோது கயலுக்கு ஐந்து வயது. யார் பின்னால் யார் போவது என்று ஒரு வாரம் யோசித்து, சம்பளம் யாருக்கு அதிகமோ அவர் முன்னால் போகட்டும் என்று முடிவு செய்தோம்.

இங்கே அவள் பெயரில் ஒரு வேலை அனுமதி அட்டை. அதைச் சார்ந்து எனக்கும் கயலுக்கும் ஓரோர் அட்டை. என் அட்டையில் நான் 'சார்ந்திருப்பவர்'. அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். வங்கி, மருத்துவமனை, தொலைபேசிக் கடை எங்கே போனாலும் கவுண்டரில் இருக்கும் பெண் அட்டையைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், "உங்க மனைவியும் வந்திருக்காங்களா?" என்று கேட்பாள். பெரிய மனிதர் யாராவது கூட வந்திருக்கிறார்களா என்று சின்னப் பையனைக் கேட்பதுபோல இருக்கும். ஊரில் உறவினர்கள், "மாப்பிள்ளை அங்க என்ன பாக்குறாரு?" என்று கேட்டால் என் மாமியார், "வீட்டு நிர்வாகம்" என்பார். தொலைபேசியில் கேட்டால் பெரிய உத்தியோகம் மாதிரிதான் இருக்கிறது.

எனக்கு அதில் வருத்தம் கிடையாது. நன்றாகச் சமைக்கிறேன். ஆனால் ஒன்று உண்டு. செண்பகத்தின் ஒப்பந்தம் முடிந்தால் அவள் அட்டை முடியும், அவள் அட்டை முடிந்தால் எங்கள் அட்டைகளும் முடியும். கயலின் பள்ளிக்கூடமும் அதோடு போய்விடும். இந்த வருடம் ஒப்பந்தம் முடிகிற வருடம்.

4

கயல் இப்போது உயர்நிலை இரண்டு, நம் ஊர்க் கணக்கில் எட்டாம் வகுப்பு. ஆங்கிலத்தில் கொட்டுவாள். கீழ்த்தளத்துக் காப்பிக் கடையில் மலாயில் சாப்பாடு சொல்லுவாள். வீட்டுக்குள் தமிழ்தான் பேச வேண்டும் என்பது செண்பகம் போட்ட சட்டம். செருப்பைக் கழற்றும் இடத்திலேயே ஆங்கிலத்தையும் கழற்றிவிட வேண்டும்.

சட்டம் நல்லதுதான். ஆனால் கயல் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் அது முடிவதற்குள் செண்பகம் இரண்டு இடத்தில் திருத்திவிடுவாள். "பஸ் வந்தான்" என்றால், "பஸ் வந்துச்சு." "அவங்க சொல்லுச்சு" என்றால், "சொன்னாங்க." அதட்ட மாட்டாள், முகம் சுளிக்க மாட்டாள். அணு இருக்க வேண்டிய இடத்தில் அணுவை வைப்பதுபோலப் பொறுமையாக வைத்துக்கொண்டே போவாள். கயல் வாக்கியங்களைச் சுருக்கிக்கொண்டே வந்தாள். கடைசியில், "ஸ்கூல் எப்படி?" என்று கேட்டால் "ஓகே" என்று நின்றுவிட்டது. அந்த ஒரு சொல்லில் செண்பகத்தாலேயே குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

இதே சமயத்தில்தான் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் லிம் புதுத் திட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இனி சில்லு இல்லை, ஹைட்ரஜன். செண்பகத்தின் படலத்தை அமிலம் கலந்த தண்ணீரில் வைத்து மின்சாரம் கொடுத்தால், படலத்தின் மேலிருந்து ஹைட்ரஜன் குமிழி குமிழியாக வர வேண்டும். எரிபொருளாகப் பயன்படும். வேலை செய்து காட்டினால் திட்டத்துக்குப் பணம் வரும், செண்பகத்தின் ஒப்பந்தமும் நீளும்.

தன் படலங்களிலேயே அழகான ஒன்றைக் கொண்டுபோய் வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் சும்மா இருந்தது.

லிம் உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாராம், "ரொம்ப அழகா இருக்கு லா. அதான் வேலை செய்ய மாட்டேங்குது." ஓட்டை இல்லாத பரப்பில் ஹைட்ரஜன் வந்து ஒட்டிக்கொள்ள இடம் கிடையாது. படலத்தின் ஓரங்களிலும் கந்தகம் விழுந்துபோன ஓட்டைகளிலும்தான் அது வந்து உட்காரும், ஜோடி சேரும், குமிழியாகக் கிளம்பும். செண்பகத்துக்கும் இது படித்துத் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஓட்டை போடு என்று யாராவது சொல்லுவார்கள் என்று அவள் நினைக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் முகத்தில், சமைத்து வைத்த பொங்கலில் கல்லை அள்ளிப் போடச் சொன்னதுபோல ஒரு துக்கம்.

"தோசையில ஓட்டை விழலேன்னா என்னைத் திட்டுறியே, அதே கதைதானே?" என்றேன்.

"உங்களுக்கு எல்லாமே தோசைதான்," என்றாள்.

ஆனாலும் செய்தாள். ஹைட்ரஜன் ஓடும் குழாயில் படலத்தைச் சூடாக்கினால் கந்தகம் கழன்றுகொள்ளும். அளவாகக் கழல வேண்டும். கூடிப்போனால் படலமே இற்றுப்போகும். முதல் தடவை சூடாக்கி எடுத்துப் பார்த்தால் ஓட்டையே இல்லை. சூட்டைக் கூட்டினாள். அப்போதும் இல்லை. வாரக்கணக்கில் இதே கதை. லிம் கேட்ட தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் சட்டையில் கந்தக வாடை அடித்துக்கொண்டே இருந்தது, குமிழி மட்டும் வரவில்லை. நான் ஒருநாள் எங்கள் பழைய பெட்டிகளைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தேன். ஏன் துடைக்கிறேன் என்று இருவரும் கேட்கவில்லை. கயல் மட்டும் அந்தப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

5

பெட்டி துடைத்த மறுநாள் சனிக்கிழமை. மதியச் சாப்பாடு. கயல் சோற்றைப் பிசைந்துகொண்டே திடீரென்று நிமிர்ந்தாள்.

"அம்மா, உங்க காண்ட்ராக்ட் முடிஞ்சா நம்ம எங்க போகும்?"

"போவோம்," என்றாள் செண்பகம், ரசத்தை ஊற்றியபடி.

"போவோம். அப்ப என் ஸ்கூல் என்ன ஆவான்..."

"என்ன ஆகும்."

கயல் கையை உதறினாள். "நெவர் மைண்ட் லா!"

"ஏய், என்ன கோபம்? திருத்துனாத்தானே கத்துக்குவ?"

"நான் முடிக்கிறதுக்குள்ள நீங்க ஃபிக்ஸ் பண்ணிடுறீங்க மா. எப்பவும். நான் ஓப்பன் பண்றேன், நீங்க மூடிடுறீங்க. அப்புறம் நான் எதுக்குப் பேசணும்?"

செண்பகத்தின் கை ரசக் கரண்டியோடு அந்தரத்தில் நின்றது. அப்பாடா, இத்தனை நாள் கழித்து உறைத்துவிட்டது என்று நினைத்தேன். என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"என்ன சொன்ன? மூடிடுறேனா?" என்றாள் மெதுவாக. பிறகு எழுந்தாள். "அய்யய்யோ, புகை! ஏங்க, நான் புகை காட்டிக்கிட்டே இருக்கேங்க!"

ஒன்றும் புரியாமல் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவிட்டாள். ரசம் மேசையில் ஆறியது. கயல் என்னைப் பார்த்தாள். அப்பளம் வேண்டுமா என்று கேட்டேன்.

6

நடந்தது இதுதான். ஓட்டை விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. கந்தகம் கழன்று, படலம் அழகாகக் குறைபட்டு, எல்லாம் சரியாக நடந்த பிறகு அடுப்பை ஆற வைக்கும்போது, இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் கை தானாகப் போய்க் கந்தகப் பொடியைச் சூடாக்கியிருக்கிறது. சாம்பிராணி காட்டாமல் எந்தக் குழந்தையையும் வெளியே எடுத்ததில்லையே. அந்த ஆவி போய், விழுந்த ஓட்டையை எல்லாம் ஒன்று விடாமல் அடைத்திருக்கிறது. போட்டவளும் அவளே, மூடியவளும் அவளே. உலகத்தில் வேறு யாராவது இந்தத் தவறைச் செய்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்த தடவை புதுக் குழாய் மாட்டி, கந்தகம் பக்கமே போகாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றாளாம். "கை அரிச்சுதுங்க" என்றாள். சில நாளில் ஒரு காணொளி அனுப்பினாள். தண்ணீருக்குள் கறுப்பாக ஒரு மின்முனை, அதன் மேல் ஊசிமுனைக் குமிழிகள், ஒன்று கிளம்ப இன்னொன்று. சோடா பாட்டிலில் இதைவிட அதிகம் வரும். ஆனால் அதைப் பார்த்து நான் சமையலறையில் தனியாக நின்று கைதட்டினேன்.

வெள்ளிக்கிழமை லிம் சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு வருடம். துடைத்த பெட்டிகளை நான் பரணில் திரும்ப ஏற்றினேன்.

7

ஞாயிறு காலை கிளமெண்டியில் ரயில் ஏறினோம், நானும் செண்பகமும். ஊட்ரம் பார்க்கில் மாறி, தேக்கா சந்தை இருக்கும் லிட்டில் இந்தியா போவதற்குள் அந்தக் கதையைத் திரும்ப ஒருமுறை சொல்லி முடித்தாள்.

"நம்ம கயல்தாங்க காரணம். அவ சொன்ன அந்த ஒரு வார்த்தையிலதான் எனக்குத் தோணுச்சு."

"என்ன சொன்னா?"

"நான் ஓப்பன் பண்றேன், நீங்க மூடிடுறீங்கன்னு."

"அதுக்கு முன்னாடி என்ன கேட்டா?"

செண்பகம் யோசித்தாள். ரயில் அடுத்த நிலையத்தில் நின்று, ஆட்கள் இறங்கி, ஆட்கள் ஏறி, கதவு மூடியது. அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"போகும் இல்ல, போவோம்னு திருத்துன. அது மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கும்," என்றேன். "நம்ம எங்க போவோம், என் ஸ்கூல் என்ன ஆகும்னு கேட்டா. நீ இன்னும் அவளுக்குப் பதில் சொல்லல. ரெண்டு வருஷம் நீட்டிச்சிட்டாங்கன்னு ஊருக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்ன. அவகிட்டச் சொன்னியா?"

லிட்டில் இந்தியாவில் இறங்கிப் படி ஏறினோம். பூக்கடையைத் தாண்டினோம், மல்லிகை மணத்தை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. அப்படியே நடந்து ராணி அக்கா கடைக்கு வந்து, இரண்டு கை வெண்டைக்காய் அள்ளிப் பையில் போட்டாள். அதற்கு மேல் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

8

அந்த வெண்டைக்காயில்தான் மதியம் புளிக்குழம்பு வைத்தேன். ராணி அக்கா சொன்னதுபோலப் பாதிக்குப் பாதி முற்றல். மூன்று தட்டிலும் ஓரத்தில் நார் குவிந்தது. செண்பகம் எனக்கு இடது பக்கம், கயல் எதிரே.

"கயல், அன்னிக்கு ஏதோ கேட்டியே," என்றாள் செண்பகம். "மறுபடி கேளு. நான் குறுக்க பேச மாட்டேன்."

கயல் அவளை நம்பாமல் பார்த்தாள். பிறகு மெல்ல ஆரம்பித்தாள்.

"நம்ம போகும்னா எனக்கு முன்னாடி சொல்லணும். அதான் நான் கேட்டது."

இடது தொடையில் சுரீர் என்றது. மேசைக்கு அடியில் செண்பகம் என்னைக் கிள்ளியிருந்தாள். மேலே அவள் முகம் கயலைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தது.

"சாத்தூர்ல இருந்து வந்தப்ப நான் சின்னப் புள்ள. என் பிரெண்டு பவித்ரா பக்கத்து வீட்டுல இருந்தான். அவகிட்ட யாரும் சொல்லல. நானும் சொல்லல. அடுத்த நாள் அவ விளையாட வந்திருக்கும்ல? கதவு பூட்டி இருந்திருப்பான்."

கிள்ளு. கிள்ளு. இன்னொன்று, ஆழமாக.

"இப்ப எனக்கு நெறைய பிரெண்டுங்க இருக்கு. திரும்ப அப்படிப் பண்ண மாட்டேன். போறதுன்னா போலாம், நான் அழாது. ஆனா எல்லார்கிட்டயும் பை சொல்லிட்டுத்தான் வருவேன். அப்பா பெட்டி தொடைச்சாங்க, யாரும் ஒண்ணும் சொல்லல. நான் டெய்லி ஸ்கூல்ல இருந்து வரப்ப லிஃப்ட்ல நினைச்சுப்பேன், கதவு பூட்டி இருப்பானான்னு."

இந்தத் தடவை கிள்ளு இல்லை. செண்பகத்தின் கை என் தொடை மேலேயே இறுகிப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

"ரெண்டு வருஷம் தந்திருக்காங்கடா," என்றாள். "உன்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கணும்."

"அப்புறம்?"

"தெரியல." எல்லாவற்றுக்கும் சரியான பதில் வைத்திருக்கும் செண்பகம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "தெரிஞ்ச அன்னிக்கே உன்கிட்ட சொல்றேன். உனக்குத்தான் மொதல்ல."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

கயல் தலையை ஆட்டினாள். குழம்பில் கிடந்த ஒரு முற்றல் வெண்டைக்காயை எடுத்து மென்று பார்த்து, நாரை இழுத்து ஓரமாக வைத்தாள். "இது யார் வாங்கினது? சாப்பிடவே முடியாது!" என்று சொல்லிவிட்டு, பள்ளியில் அந்த வாரம் நடந்த சண்டையை ஆரம்பித்தாள். அதில் வந்த ஆண்கள் எல்லாரும் பெண்பாலாகவும் பெண்கள் எல்லாரும் ஆண்பாலாகவும் இருந்தார்கள். பேருந்து மட்டும் 'வந்தாங்க' என்று மரியாதையோடு வந்தது. கதை நீண்டுகொண்டே போனது. தட்டில் கை காய்ந்தது. மேசைக்கு அடியில் கிள்ளு மறுபடி ஆரம்பித்தது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் குளிக்கும்போது பார்த்தேன். இடது தொடை முழுக்கத் திட்டுத் திட்டாக நீலமும் ஊதாவும், குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் படத்தின் அதே நிறம். ஒன்றுகூட முக்கோணமாக இல்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் மேசையில் இடம் மாறி உட்கார்ந்தேன், வலது தொடை செண்பகத்தின் பக்கம் வரும்படி.